இலை போட்ட பிறகு வந்த இங்கிலீஷ்

போன வருடம் தை மாதம், என் கொழுந்தனாருக்குப் பெண் கேட்டுத் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குக் காரில் போனோம். மாமனார், மாமியார், கணவர், நான் என்று நாலு பேர். மாப்பிள்ளைப் பையன் வரவில்லை. முதல் தடவை பெரியவர்கள் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். அவர் ஏற்கெனவே பார்த்து முடித்திருந்தது வேறு கதை. அவருக்கும் பெண்ணுக்கும் சென்னையில் வேலை. வாரக் கடைசியில் ஒரே ரயிலில் ஊருக்கு வருவார்கள். திண்டிவனத்தில் இறங்க வேண்டியவர், இறங்க மனசில்லாமல் விழுப்புரம் வரை போய்த் திரும்பியதெல்லாம் பின்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது.

பெண் வீட்டார் ஒடிசாக்காரர்கள். அப்பா ரயில்வேயில் அதிகாரி. மாற்றலாகி வந்து ஒரு வருடம்கூட ஆகாததால் அவருடைய தமிழ் ‘வணக்கம்’, ‘சாப்பாடு’ இரண்டோடு நின்றிருந்தது. எங்களுக்கோ இந்தி கிடையாது. இங்கிலீஷ் பேசும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் நான் சென்னையில் ஒரு கால் சென்டரில் வேலை பார்த்தவள். அமெரிக்காக்காரர்கள் போனில் கத்தினாலும் சிரித்துக்கொண்டே பதில் சொல்வேன். அதெல்லாம் ஒரு காலம். கல்யாணம், பிள்ளைகள், அடுப்படி என்று ஆனபின் இங்கிலீஷ் என்னைவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. ஒருமுறை மகளின் பள்ளிக்கூடத்தில் மிஸ்ஸிடம் ஆரம்பித்துப் பாதியில் வார்த்தை வராமல் நின்றேன். வெளியே வந்ததும், இனிமேல் தமிழிலேயே பேசும்மா என்றாள் மகள். அன்றைக்கு மூடிய வாய்தான். ஆனால் என் மாமியார் மட்டும், எங்க மருமவ இங்கிலீஷ்ல பொளந்து கட்டும் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

முதல் நாளே அடுப்படியில் நின்று நாலு வாக்கியம் மனப்பாடம் செய்தேன். விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் நாலும் மறந்துபோயின. பெண்ணின் அப்பா என்ன கேட்டாலும் “யெஸ், யெஸ்” என்று தலையாட்டினேன். உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டதற்கும் யெஸ்தான். என் கணவர் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டார். மனுஷருக்கு வீட்டுக்குப் போய்க் கச்சேரி வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

காபி, பலகாரம் வரைக்கும் ஒரு சிக்கலும் இல்லை. அதற்குப் பிறகு பெண்ணின் அம்மா எங்களைச் சாப்பிட அழைத்தார். பார்த்தால், வரிசையாக வாழை இலை போட்டிருந்தது. நம் ஊர் வழக்கம் என்று யாரிடமோ கேட்டு வாங்கி வந்திருக்கிறார். நுனி வலது பக்கம் இருந்தது, பாவம். பூரி, காயும் பருப்பும் சேர்ந்த குழம்பு, பால் பாயசம் என்று விடியற்காலையிலிருந்தே சமைத்திருப்பார்.

என் மாமியார் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். “நிச்சயம் ஆவாம பொண்ணு வூட்ல கை நனைக்கக் கூடாதும்மா. பக்குவமா சொல்லு” என்றார் என் காதில். இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். சாப்பிட்ட பிறகு வேண்டாம் என்றால் அது பெண்ணுக்குச் செய்யும் பாவம்.

இதை எந்த இங்கிலீஷில் சொல்வது? கணவர் தம்பிக்குப் போன் போட்டார். பிஸி. கொழுந்தனார், உள்ளறையில் இருந்த பெண்ணோடுதான் போனில் பேசிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் என் கணவரே கையை ஆட்டி, “நோ ஈட்டிங், சார்” என்றார்.

பெண்ணின் அப்பாவுடைய முகம் இருண்டது. மெதுவாக இங்கிலீஷில் சொன்னார். எங்கள் ஊரிலும் சில பேர் எங்கள் வீட்டில் சாப்பிட மாட்டார்கள், அதற்கு என்ன காரணம் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் அதுதான் காரணமென்றால் சொல்லிவிடுங்கள், எங்கள் பெண்ணிடம் நாங்கள் பேசிக்கொள்கிறோம் என்றார். அவர் மனைவி கையில் கரண்டியோடு இலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

என் மாமனாரும் மாமியாரும் கிளியனூர்ப் பக்கம் அடுத்தவர் கழனியில் கூலி வேலை செய்து பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள். வாசல் படி ஏறவிடாத வீடுகளைப் பார்த்தவர்கள். எங்களைப் பார்த்தா இந்தக் கேள்வி?

“நோ சார், லிசன்” என்று ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு நிற்கவில்லை. இலக்கணமெல்லாம் கோவிந்தா. நிச்சயம் என்பதற்கு வார்த்தை கிடைக்காமல் மோதிர விரலைத் தொட்டுக் காட்டினேன். கை நனைப்பது என்றால் எங்களுக்கு என்ன, சாப்பிட்டுவிட்டு மறுத்தால் அது ஏன் பாவம், உங்கள் பெண்மேல் வைத்த மரியாதையால்தான் நிற்கிறோம் என்று எல்லாம் கொட்டினேன். அவர் இடையிடையே கேள்வி கேட்டார். அப்போதுதான் கவனித்தேன், அவருடைய இங்கிலீஷும் அங்கங்கே நொண்டத்தான் செய்தது. நான் செய்த தப்பை அங்கே ஒருவரும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

அவர் தன் மனைவியிடம் ஒடியாவில் விளக்கினார். அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

என் மாமியாருக்குப் பொறுக்கவில்லை. “இன்னா பேசிக்கினு இருக்கீங்க, எனக்கும் சொல்லேன்” என்று கையைப் பிடித்து இழுத்தார். அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதைச் சொன்னேன். கேட்டதும் அவர் குனிந்து இலையை நேராகத் திருப்பிப் போட்டுவிட்டு, அதன் முன்னால் உட்கார்ந்தார்.

“நமக்குத்தான் வாசல்ல நிக்கவெச்சி சோறு போட்டாங்க. நம்மளால இன்னொருத்தருக்கு அந்த நெனப்பு வரலாமா? நிச்சயம் ஆயிடுச்சின்னு சொல்லு. கொழம்ப ஊத்தச் சொல்லு.”

பெண்ணையே இன்னும் பார்க்கவில்லையே என்று என் கணவர் முணுமுணுத்தார். மாமனார் அதற்குள் பூரியைப் பிய்த்துவிட்டார். மாமியார் சொன்னதை நான் ஒன்றுவிடாமல் இங்கிலீஷில் சொன்னேன். வாசல், சோறு எல்லாவற்றையும் சேர்த்துத்தான். கேட்ட பெண்ணின் அப்பா எழுந்து வந்து, என் மாமியாருக்குத் தன் கையாலேயே பாயசம் ஊற்றினார்.

அந்தப் பெண் இப்போது என் ஓரகத்தி. நாங்கள் இருவரும் பாதித் தமிழும் பாதி இங்கிலீஷுமாகச் சமையலறையில் பேசுகிற பேச்சைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். தப்பாகப் பேசிவிடுவோமோ என்ற பயம் எனக்கு இன்றைக்கும் உண்டு. ஆனால் அன்றைக்கு நான் அந்தப் பயத்தோடு சும்மா நின்றிருந்தால், ஒரு நல்ல மனிதர் எங்களையும் அந்தப் படி ஏறவிடாத வீட்டுக்காரர்களோடு சேர்த்து வைத்திருப்பார் என்று நினைக்கும்போதெல்லாம், வார்த்தை எப்படியாவது வந்துவிடுகிறது.