மெல்ல ஆடிய தூளி

எனக்கு எண்பத்தாறு வயதாகிறது. ஐந்து பிள்ளைகளைப் பெற்று, ஐந்தையும் வளர்த்து ஆளாக்கினேன். எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். ஆனாலும் நானே எழுதுவேன். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

மூன்றாவது பெண் எட்டாம் மாதமே பிறந்துவிட்டாள். அணில் குஞ்சு போல இருந்தாள். அப்போது ஜோகுபாளையத்தில் எங்களுக்கு ஓர் ஓட்டு வீடு. லாரிப் பட்டறையில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர், அங்கே கிடந்த பழைய ஸ்பிரிங் ஒன்றைக் கொண்டுவந்து உத்தரத்தில் மாட்டி, அதில் என் மஞ்சள் நூல் புடவையைத் தூளியாகக் கட்டினார். பக்கவாட்டில் ஆடும் தூளியைத்தான் நான் பார்த்திருந்தேன். இது மேலும் கீழுமாக ஆடியது. லேசாகத் தொட்டால் போதும், குருவி போலப் படபடவென்று துள்ளுவாள். ஓட்டுக் கண்ணாடி வழியே மத்தியான வெயில் இறங்கினால், புடவைக்குள் விளக்கேற்றியது போலிருக்கும். அந்த வெளிச்சம் ஏறி இறங்க, வீடே மூச்சு விடுவதாகத் தோன்றும். எனக்குக் கண் செருகும்.

டிஸ்பென்சரி டாக்டரம்மா வாராவாரம் எடை பார்க்கச் சொன்னார். மாமியார் விடவில்லை.

“தராசுல வெக்க அவ என்ன புளியா, மொளகாயா? எடை போட்டா கண்ணு பட்டுடும்டி.”

குழந்தை தேறுகிறாளா, கரைகிறாளா? தினமும் பார்க்கிற கண்ணுக்கு அது எங்கே தெரியும்? அந்த ஒரு கவலைதான் எனக்கு.

ஆடிக் காற்று தொடங்கிய சமயம், துள்ளல் நின்றுபோனது. தூளி தாழ்ந்து தொங்கியது. மெல்ல இறங்கியது, மெல்ல ஏறியது. பலமாகத் தட்டிப் பார்த்தேன். அதிகத் தூரம் போய் வந்ததே தவிர, அதே மெத்தனம்தான்.

“துள்ளிக்கிட்டிருந்த புள்ள தொவண்டு போச்சே,” என்று மாமியார் அழ ஆரம்பித்தார். நான் குழந்தையை வாரி மடியில் போட்டுக்கொண்டேன்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அக்கா வந்தார். வெறும் தூளி ஆடுவதைப் பார்த்துப் பதறினார்.

“ஏனம்மா இது? காலி தொட்டில் ஆடலாமா? இரு, எங்க குண்டப்பன படுக்க வெக்கிறேன்.”

குண்டப்பன் என்பது குழவிக்கல். பெயர் வைக்கும் நாளில், குழந்தைக்கு முன்னால் அதைத்தான் அவர்கள் தொட்டிலில் கிடத்துவார்கள். அக்கா கல்லை இடுப்பில் அணைத்துக் கொண்டுவந்து, தூளியில் கிடத்தித் தட்டிவிட்டார். தூளி தரையைத் தொடுகிற மாதிரி இறங்கி, கோவில் யானை போல அசைந்து மேலே வந்தது.

“சோம்பேறிப் பய, துள்ள மாட்டான்,” என்று அக்கா சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. கல்லுக்கு ஏது சோர்வு? கனம்தானே! கல்லை எடுத்துவிட்டு ஒரு தேங்காயை வைத்துத் தட்டினேன். படபடவென்று துள்ளியது. பிறந்த புதிதில் என் பெண் துள்ளிய அதே துள்ளல்.

“அத்தே, புள்ள தொவளல. கனத்துட்டா! ஸ்பிரிங்கே சொல்லிடுச்சு.”

மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “அந்த ஸ்பிரிங்க வாய மூடச் சொல்லுடி. ஊருக்கெல்லாம் சொல்லித் தொலைக்கப் போவுது.” சொல்லிக்கொண்டே ஸ்பிரிங்குக்கும் சேர்த்துத் திருஷ்டி சுற்றினார்.

குழந்தையை மறுபடி கிடத்தினேன். மஞ்சள் வெளிச்சம் மெல்ல இறங்கியது, மெல்ல ஏறியது. பக்கத்திலேயே பாய் போட்டு, அவள் பிறந்ததிலிருந்து தூங்காத தூக்கத்தையெல்லாம் தூங்கினேன்.

அவள்தான் உன் அம்மா, கண்ணு. இந்தா, இதை எனக்கு வாசித்துக் காட்டு. குண்டப்பன் வரும் இடத்தில் ஓடாதே, மெல்லப் படி.