கிளவுடில் ஒரு கோத்தோங் ரோயோங்

ஈப்போவில் ஓர் அலுவலகத்தில் தரவுப் பாதுகாப்பு என் வேலை. யாருக்கு எந்தக் கோப்பைத் திறக்க அனுமதி, யாருக்கு இல்லை என்று முடிவு செய்து எல்லாருடைய வெறுப்பையும் சம்பாதிப்பதற்குத்தான் சம்பளம். அந்த வீரத்தை நான் சுங்கை சிப்புட் பக்கம் கொண்டுபோவதில்லை.

அங்கே நான் பிறந்த ரப்பர் தோட்டம் இப்போது வீடமைப்புத் திட்டம். மிஞ்சியது மாரியம்மன் கோயில் மட்டும். நேற்று முளைத்த கோயில்தானே, நகர்த்துங்கள் என்றது வீடு கட்டும் நிறுவனம். இல்லை, தோட்டக் காலத்திலிருந்தே இங்கேதான் என்று காட்ட எங்களிடம் இருந்தவை சில பழைய திருவிழாப் படங்கள். ஸ்கேன் செய்து கிளவுடில் போட்டுவைத்தேன். பிறகு அசல்களைக் கரையான் தின்றுவிட்டது.

கோயில் கமிட்டியாருக்கு ‘பார்க்க மட்டும்’ என்று அனுமதி கொடுத்தேன். மறுநாளே தலைவர் அழைத்தார். லாரி ஓட்டுபவர், எனக்கு மூத்தவர்.

“என்ன தம்பி, ‘பார்க்க மட்டும்’னு வருது? நான் என்ன வேடிக்க பாக்க வந்த ஆளா?”

“ஒரு பாதுகாப்புக்குத்தான் அண்ணே.”

“யாருகிட்டருந்து? எங்ககிட்டருந்தா?”

இதற்கு என் தொழிலில் பதில் உண்டு. ஆமாம் என்பதுதான். சொல்லத்தான் தைரியமில்லை. அழைப்பிதழில் பெயர் விட்டுப்போனதற்கே வருடக்கணக்கில் பேசாமலிருந்தவர்கள் உள்ள ஊர் அது. அன்று மாலைக்குள் தலைவர், செயலாளர், பொருளாளர், பொருளாளரின் மச்சான் என்று எல்லாருக்கும், அழிக்கும் அதிகாரம் உட்பட, முழு உரிமை கொடுத்தாகிவிட்டது. படங்களை யாரும் வெளியே அனுப்பக் கூடாது என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். மிகுந்த மரியாதையோடு ஒப்புக்கொண்டார்கள்.

திருவிழாவுக்கு முந்தைய ஞாயிறு கோத்தோங் ரோயோங், ஊர் கூடிக் கோயிலைக் கழுவிவிடும் நாள். மண்டபம் கழுவியும் உற்சாகம் தீராமல் கிளவுடையும் சுத்தம் செய்திருக்கிறார்கள். மங்கிப்போய்க் கறுப்பு வெள்ளையில் கிடந்த ‘கெட்டுப்போன’ படங்களைப் பொருளாளரின் மச்சான் நீக்கினார். நல்ல நாளில் குப்பை சேரக் கூடாதென்று மகளிர் பிரிவு அக்கா ஒருவர் அவை போய் விழுந்த கிளவுடின் குப்பைத்தொட்டியையும் காலி செய்தார். செய்த கையோடு எனக்கு ஃபோன்.

“எல்லாம் பெர்சே பண்ணியாச்சு தம்பி. சுத்தமா, பளிச்சுனு இருக்குலா.”

மறுநாள் கோயில் இடம் பற்றி நில அலுவலகத்தில் விசாரணை. வேறெங்காவது காப்புப் பிரதி வைத்திருந்தாயா என்று கேட்காதீர்கள். அதைப் பற்றி வகுப்பெடுப்பவன் நான்.

வாட்ஸ்அப் குழுவில் விஷயத்தைச் சொல்லி, யாரிடமாவது படம் இருக்கிறதா என்று கெஞ்சினேன். பிறகு தலைவர், கோபித்துக்கொள்ளக் கூடாது என்ற முன்னுரையோடு ஒன்றை அனுப்பினார். அதைப் பார்த்து மற்றவர்களுக்கும் துணிச்சல் வந்தது. நான் நிபந்தனை போட்ட அன்றே காம்பார், பத்து காஜா, சிங்கப்பூர் வரை சொந்தங்களுக்கெல்லாம் அனுப்பியிருந்தார்கள். சும்மாவும் அனுப்பவில்லை. ஒவ்வொரு படத்திலும் ஒரு ரோஜாப்பூ வைத்து, ‘இனிய காலை வணக்கம்’ என்று எழுதி.

அவற்றைத்தான் அச்செடுத்துக்கொண்டு போனோம். மலாய்க்கார அதிகாரி ஒரு படத்தை வெகுநேரம் பார்த்தார். கோயில், பின்னால் ரப்பர் பால்மரங்கள், முன்னால் நாற்காலியில் தோட்டத்து வெள்ளைக்கார துரை, துரையின் மடியில் ரோஜா. இது என்ன எழுத்து என்று கேட்டார். தலைவர் முந்திக்கொண்டு “செலாமாட் பாகி” என்று அதை மலாயில் சொன்னார். அதிகாரியும் பதில் வணக்கம் சொன்னார். துரையின் தொப்பியைப் பேனாவால் தொட்டு, இந்த ஆள் நேற்று வந்தவரில்லை என்று மலாயில் முனகிவிட்டு, கோயில் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று எழுதினார்.

வெளியே வந்ததும் தலைவர் என் தோளில் கைபோட்டார்.

“நல்லவேள தம்பி, நீ சொன்னத யாரும் கேக்கல.”