குழுப்பணியில் என் முறை

அயர்லாந்தில் நான் குடியிருக்கும் வீட்டின் ஃபிரிட்ஜில் நான்கு பால் பாட்டில்கள் இருக்கும். தங்கியிருப்பது நான்கு பேர், ஆளுக்கொன்று, ஒவ்வொன்றிலும் பேர் எழுதி ஒட்டியிருக்கும். என் பால் தீர்ந்துபோன காலையில், பக்கத்திலேயே மூன்று பாட்டில் நிறையப் பால் இருக்க, நான் வரக்காப்பி குடித்துவிட்டு வகுப்புக்குப் போவேன். ஊரில் இருப்பவர்கள் சிரிப்பீர்கள். பங்கு பிரிப்பதில் இவர்கள் இத்தனை கறார் என்று தெரிந்திருந்தும், பல்கலைக்கழகத்தில் குழுப்பணி என்றதும் என் புத்தி வேறு பக்கம் போனது.

நீர் மேலாண்மைப் பாடத்துக்கு நான்கு குழுப்பணிகள். குழுவில் நானும், ஏமி என்ற உள்ளூர்ப் பெண்ணும், இன்னும் இரண்டு பையன்களும். நாலு வேலை, நாலு பேர், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பரளச்சிப் பக்கம் எங்கள் தெருவில் ஆடு மேய்ப்பது முறை வைத்துத்தான். எங்கள் வீட்டு முறை என்றால் தெருவிலுள்ள அத்தனை ஆட்டையும் நான்தான் கருவேலங்காட்டுக்கு ஓட்டிப்போக வேண்டும். வெயிலில் மண்டை காயும். மறுநாள் அடுத்த வீட்டுக்காரர் முறை. அன்றைக்கு நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். போய் நின்றால், "ஏலே, எங்க மேல நம்பிக்கை இல்லையாக்கும்?" என்று கோபித்துக்கொள்வார்கள். அருப்புக்கோட்டையில் படித்தபோதும் இதே கணக்குத்தான்: ஒருவன் எழுதுவான், அட்டையில் எல்லார் பேரும் இருக்கும், அடுத்த தடவை இன்னொருவன்.

ஆகவே முதல் பணியை நானே முழுதாக எழுதி, கெடுவுக்கு முன்பே அனுப்பிவைத்தேன். நன்றி வரும் என்று காத்திருந்தேன். "எங்களுக்கு எதுவும் தெரியாது என்று நினைத்தாயா?" என்று கேட்டாள் ஏமி. பாவம், வெட்கப்படுகிறாள் என்று எண்ணி, "அதெல்லாம் பரவாயில்லை" என்று பெருந்தன்மையாகச் சிரித்தேன்.

இரண்டாவது பணிக்கு அவர்கள் மூவரும் நூலகத்தில் கூடினார்கள். என் முறைதான் முடிந்துவிட்டதே, நான் அறையில் படுத்துத் தூங்கினேன். ஃபோனில் கூப்பிட்டதற்கு, "உங்கள் மேல் எனக்கு முழு நம்பிக்கை இருக்கிறது" என்றேன். மறுவாரம் பேராசிரியர் அழைத்தார். ஒரே ஆளைப் பற்றி இரண்டு புகார்: எல்லாவற்றையும் தானே செய்கிறான், எதையும் செய்ய மாட்டேன் என்கிறான். இன்னொன்று வந்தால் பாடத்தில் தேர்ச்சி கிடையாது என்றார். தேர்ச்சி இல்லையென்றால் விசா நீட்டிப்பு இல்லை, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஆடுகளைப் பற்றி விளக்கப் பார்த்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

மூன்றாவது பணியில் நான் திருந்திய பிள்ளை. நால்வரும் கணினியில் ஒரே ஆவணத்தைத் திறந்து ஆளுக்கொரு பகுதி எழுதினோம். ஒரு பத்திக்கு முக்கால் மணி நேரம் பேசுகிறார்கள்; நானாக இருந்தால் அதற்குள் பாதியை முடித்திருப்பேன். வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் பகுதியில் எங்கள் ஊர்க் கண்மாய்ப் பாசனத்தைப் பற்றி எழுதியிருந்தேன். "கண்மாய் வற்றினால் என்ன செய்வீர்கள்?" என்றாள் ஏமி. "உள்ளே ஆடு மேயும்" என்றேன். வேடிக்கைக்குச் சொன்னதை அவள் 'வறட்சிக் காலத்து மாற்று நிலப் பயன்பாடு' என்று தட்டச்சு செய்தாள். பேராசிரியர் அந்த வரியைத்தான் பாராட்டினார். நாலு தலை சேர்ந்தால் இப்படியும் ஒரு நன்மை இருக்கிறது.

நான்காவது பணியின் நடுவே, இனித் தேறிவிடுவேன் என்று நிம்மதியாக இருந்தபோது, அண்ணன் பேசினான்.

"அம்மாவுக்கு வயித்துல ஆபரேசன் முடிஞ்சுருச்சுடா. மதுரையில வச்சுப் பாத்தோம். வீட்டுக்கு வந்தாச்சு, நல்லா நடமாடுது."

"ஏண்ணே எனக்குச் சொல்லல?"

"அங்க இருந்துக்கிட்டு நீ என்ன செய்யப் போற? எல்லாத்தையும் நாங்க பாத்துக்கிட்டோம். நீ படிப்பப் பாரு."

பாசத்தில்தான் சொன்னான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. டாக்டரிடம் நான் பேசியிருப்பேன். ஆஸ்பத்திரியில் தூக்கம் வராத அம்மாவுக்கு ஃபோனில் பேச்சுத்துணையாவது இருந்திருப்பேன்.

"எனக்கும் ஒரு பங்கு வச்சிருக்கலாம்ல?"

"என்னடா, சொத்துப் பிரிக்கிற மாதிரி பேசுற?" என்று சிரித்தான் அண்ணன்.

ஃபோனை வைத்தபோது ஆவணம் திறந்தே கிடந்தது. மற்ற மூவரும் அவரவர் பகுதியில் எழுதிக்கொண்டிருந்தார்கள். என் பகுதியை யாரும் தொடவில்லை. அது வெறுமையாக எனக்காகக் காத்துக் கிடந்தது.