மூடியாச்சு என்று காட்டிய வரைபடம்

நாகல் நகரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில்தான் வினோலியாவின் அலுவலகம். இணையத்தில் ஓடும் வரைபடங்கள் செய்வது அவள் தொழில். பள்ளி வேன் எந்தத் தெருவில் வருகிறது என்று பெற்றோருக்குக் காட்டும் வரைபடம், கோழித் தீவன லாரிகளுக்கு ஒன்று என்று சிறு வேலைகள் வந்துகொண்டிருந்தன. யாராவது குறை சொன்னால், "என் சிஸ்டத்துல சரியாத்தானே வருது" என்பாள். பெரும்பாலும் அவள் சொல்வது உண்மையாகவும் இருக்கும்.

மூன்று பழைய நோட்டுகளோடு சூசைராஜ் அவளைத் தேடி வந்தார். இருபத்தாறு வருடம் போர்வெல் லாரி ஓட்டியவர். தான் துளை போட்ட ஒவ்வொரு இடத்தையும் எழுதி வைத்திருந்தார். தண்ணீர் வராத துளைகளில், மண் சரியாமல் இருக்க மேலே இறக்கிய கேசிங் பைப்பை உருவிக்கொண்டு போய்விடுவார்கள். அதன்பின் வாய் சரிந்து அகலமாகும். அப்படி அவர் போட்ட துளை ஒன்றில் ஒரு கன்றுக்குட்டி விழுந்தது. இரண்டு நாள் அதன் சத்தம் கேட்டது. மூன்றாம் நாள் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவர் லாரியை விற்றுவிட்டு, சில நண்பர்களைச் சேர்த்து அறக்கட்டளை ஒன்று தொடங்கியிருந்தார். திறந்து கிடக்கும் துளைகளையெல்லாம் வரைபடத்தில் ஏற்றி, ஆள் அனுப்பி மூடவேண்டும் என்றார்.

வினோலியா ஐந்து வாரத்தில் அதைச் செய்து கொடுத்தாள். நானூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள். தன்னார்வலர் போனில் ஒரு புள்ளியைத் தொட்டால் ஊரும் தோட்டக்காரர் பெயரும் உடனே தெரியும். துளை மூடப்பட்டதா இல்லையா என்பது சர்வரிலிருந்து சற்றுப் பொறுத்துக் கீழே வரும். மூடியாச்சு என்று காட்டினால் அந்த இடத்துக்குப் போகவேண்டியதில்லை. வேலை வேகமாக நடந்தது.

இரண்டாம் மாதம் தொப்பம்பட்டியிலிருந்து முத்துச்சாமி என்ற தன்னார்வலர் கூப்பிட்டார்.

"ஏனுங்க மேடம், மேப்புல மூடியாச்சுன்னு காட்டுதுங்க. நான் நிக்கிற எடத்துல ஒரு சாக்கைத்தான் போட்டு வச்சிருக்காங்க. காலை வச்சா உள்ளதான் போகோணும்."

அவள் தன் கணினியில் அந்தப் புள்ளியைத் தொட்டுப் பார்த்தாள். திறந்திருக்கிறது என்றுதான் வந்தது. பக்கத்தை மறுபடி திறந்து பார்க்கச் சொன்னாள். அவரும் பார்த்தார், சரியாகிவிட்டது. பத்து நாள் கழித்து வத்தலக்குண்டுப் பக்கமிருந்து இன்னொருவர் அதையே சொன்னார். அவருக்கும் அதே பதிலைச் சொன்னாள். சொன்ன பிறகு அன்று முழுவதும் அவளுக்கு வேலை ஓடவில்லை.

மறுநாள் காலையில், அலுவலகத்து வேகமான இணைப்பை வேண்டுமென்றே மந்தமாக்கி, தோட்டத்தில் நிற்பவரின் போன் போல ஆக்கிக்கொண்டாள். ஒரு புள்ளியைத் தொட்டு, பதில் வருமுன்னே அடுத்த புள்ளியைத் தொட்டாள். ஏழெட்டு முறை ஒன்றும் ஆகவில்லை. ஒன்பதாம் முறை, திறந்து கிடக்கும் துளையின் பெயருக்குக் கீழே மூடியாச்சு என்று வந்து நின்றது. அது முதலில் தொட்ட துளைக்கான பதில்.

தப்பு அவள் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் நிரலில் இருந்தது. சர்வரிடம் கேட்டுவிட்டு நிரல் காத்து நிற்காது. பதில் வந்ததும் செய்யவேண்டியதை ஃபங்ஷன் என்ற ஒரு சிறு நிரல்துண்டிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விடும். அதைக் கால்பேக் என்பார்கள். அது பிறந்த இடத்தில் இருந்த, மதிப்புகளைத் தாங்கும் மாறிகளை, எத்தனை நேரம் கழித்துக் கூப்பிட்டாலும், கூடவே பிடித்து வைத்திருக்கும். வினோலியா எழுதிய கால்பேக்குகள் பிடித்து வைத்திருந்தது அந்தந்தத் துளையின் எண்ணை அல்ல. 'இப்போது தொட்ட துளை' என்ற, எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே மாறியை. அடுத்த புள்ளியைத் தொட்டதும் அது மாறிவிடும். முதல் கேள்விக்கான பதில் இரண்டாவதன் பதிலுக்கும் பிந்தி வந்தால், அது இரண்டாவது துளையின் பெயருக்குக் கீழே போய் உட்கார்ந்துவிடும். நாகல் நகரில் பதில்கள் ஒருநாளும் பிந்தவில்லை. டவர் கிடைக்காத சோளக்காட்டில் பிந்தின.

ஒவ்வொரு தொடுதலும் தன் எண்ணைத் தனியாக வைத்துக்கொள்ளும்படி மூன்று வரிகளை மாற்றினாள். தேநீர் ஆறுவதற்குள் அது முடிந்துவிட்டது. பிறகு சர்வர் பதிவுகளைத் திறந்தாள். யார், எந்த நிமிடம், எந்தத் துளையைக் கேட்டார், பதில் போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆனது என்பதெல்லாம் அதில் இருந்தது. பிந்திய பதில்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். இரண்டு நாள் ஆயிற்று. முப்பத்தேழு துளைகளை, மூடியாச்சு என்று நம்பி ஆட்கள் கடந்து போயிருந்தார்கள்.

அவள் சூசைராஜிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். முதல் போனைத் தான் தட்டிக்கழித்ததையும் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. முப்பத்தேழையும் தாளில் எடுத்துத் தரச் சொன்னார்.

"நீயும் வா தாயி. கண்ணால பாத்தாத்தான் அதோட ஆழம் தெரியும்."

பன்னிரண்டு நாள் அலைந்தார்கள். இருபத்தெட்டைத் தோட்டக்காரர்களே மூடியிருந்தார்கள். எட்டு திறந்து கிடந்தன. ஒன்று அங்கன்வாடிச் சுவருக்குப் பின்னால். எட்டையும் சரளை கொட்டி மூடினார்கள். மிஞ்சிய ஒன்று தொப்பம்பட்டிக்கு மேற்கே, புள்ளி காட்டிய இடத்தில் இல்லை.

சோளக்காடாக இருந்த நிலத்தை மனையாகப் பிரித்து, மண் நிரவி, வெள்ளைக் கல் நட்டிருந்தார்கள். சூசைராஜ் அடையாளம் வைத்திருந்த வேப்பமரமும் இல்லை. நிரவியவர்கள் வாயில் பலகையோ தகரமோ போட்டு மேலே மண்ணைத் தள்ளியிருக்க வேண்டும் என்றார் அவர். ஜேசிபி வைத்து ஒன்றரை நாள் தோண்டினார்கள். கிடைக்கவில்லை. மூன்றாவது மனையில் ஒரு வீடு கட்டிக் குடிவந்திருந்தார்கள். அந்த வீட்டுப் பெண் ரம்ஜான் பீவி வெளியே வந்து, என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டாள். அவள் மகள், மூன்று வயதிருக்கும், ஜேசிபி கிளறிய மண்ணில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

வினோலியாதான் சொன்னாள்.

"இங்க எங்கயோ ஒரு போர்வெல் குழி இருக்கும்மா. அறுநூறு அடி. எங்கன்னு எங்களுக்குத் தெரியல."

ரம்ஜான் பீவி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து அந்த வீட்டுக் கதவு பகலிலும் சாத்தியே இருந்ததாக முத்துச்சாமி பிற்பாடு சொன்னார். அவரும் ஒருநாள் விட்டு ஒருநாள் அங்கே போய், நிரவிய மண்ணை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். வினோலியா தினமும் காலையில் வானிலை பார்த்தாள். மழை வந்தால் மண் இறங்கும், இடம் தெரிந்துவிடும். ஆனால் அதை முதலில் பார்ப்பது யார்?

ஐப்பசி முதல் வாரத்தில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் காலை முத்துச்சாமி கூப்பிட்டார். குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்பதைத்தான் முதலில் சொன்னார். அந்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து நாலு எட்டுத் தள்ளி, அண்டா வாய் அகலத்துக்கு மண் உள்வாங்கியிருந்தது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஓரம் இன்னும் சரிந்துகொண்டிருந்தது. சூசைராஜ் எட்ட நின்று ஒரு கல்லைப் போட்டார். வினோலியா காது கொடுத்துக் கேட்டாள். சத்தம் மேலே வரவில்லை. இரண்டு டிராக்டர் சரளை உள்ளே போனது. மேலே கான்கிரீட் போட்டு முடிக்க மாலை நான்காகிவிட்டது. ரம்ஜான் பீவி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் ஒரு பேக்கரியில் நின்றார்கள். அந்தக் காலத்தில் இந்த வட்டாரத்தில் மட்டும் பதினோரு லாரி ஓடியது என்றார் சூசைராஜ். இதெல்லாம் தன் ஒரு லாரியின் கணக்கு. மற்றவர்கள் நோட்டு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. ஓட்டியவர்கள் யார் யார் என்று வினோலியா கேட்டாள். நான்கு பேர் பெயர்தான் அவருக்கு நினைவுக்கு வந்தது. அதில் மூன்று பேர் இறந்துவிட்டார்கள். நாலாமவர் ஒட்டன்சத்திரத்தில் இருப்பதாகக் கேள்வி என்றார். அவள் அந்தப் பெயரைப் போனில் குறித்துக்கொண்டாள். வெளியே மறுபடியும் மழை தொடங்கியிருந்தது.