அப்பா திருப்பிச் சொன்னவை

"பிள்ளை எங்க, தங்கச்சி?" என்று தாதி கேட்டாள்.

"நான்தான் பிள்ளை," என்றேன். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது.

அவள் சிரித்தாள். பகிடி விடுகிறேன் என்று நினைத்திருப்பாள். எனக்குப் பகிடி விட வராது. எனக்கு ஓட்டிசம், அதாவது மதியிறுக்கம், என்று கொழும்பு டொக்டர் எழுதித் தந்த கடிதத்தை நீட்டினேன். வாசித்ததும் அவள் சிரிப்பை விட்டுவிட்டு, உள்ளே ஓடிப்போய் எனக்கென்று உட்காரப் பெரிய கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். திருகோணமலை முழுக்க விசாரித்ததில் எனக்கு அகப்பட்டது இந்தச் சின்னப்பிள்ளைகளின் கிளினிக் ஒன்றுதான். சுவரில் யானையும் முயலும். தாய்மார் எல்லோரும் என் மடியில் பிள்ளையைத் தேடினார்கள்.

உள்ளே இருந்த சிகிச்சை அலுவலர் கிண்ணியா ஊர்ப் பெண். மெதுவாகக் கதைத்தார், அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது. "பெரியாக்களுக்கெண்டு எங்களிட்ட தனியா ஒண்டும் இல்ல தங்கச்சி. ஆனா நீங்க வாங்க, நான் பாக்கிறன். அடுத்தமுறை ஊட்டுல ஒராளக் கூட்டிட்டு வாங்க. நான் மாசத்துக்கு ஒருக்காத்தானே காணுவன். மிச்ச நாளெல்லாம் ஆரு பாக்கிற?"

லிங்கநகரில் வீடு வந்து சேரும்வரை ஓட்டோவுக்குள் அழுதேன்.

அம்மா வரத் தயார்தான். கடிதத்தை நம்பி அன்றைக்கே கோயிலுக்கு நேர்த்தியும் வைத்துவிட்டாள். ஆனால் எனக்கு அப்பா வரவேண்டும். ஏனென்றால் அம்மா என்னைத் திமிர் பிடித்தவள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அப்பா சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் நான் அம்மா சமைக்கிற குசினிக்குள் போய்விடுவேன். "அவவுக்குக் கொஞ்சம் திமிர்," என்று முன்னறையில் அவர் சிரித்துச் சொல்வது எனக்குக் கேட்கும். கடிதத்தைக் காட்டியபோதும், "உனக்கு ஒரு நோய் வருத்தமும் இல்ல. விசர்க்கதை கதையாதை," என்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எழும்பிப் போனார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

அப்பா துறைமுகத்தில் டக் படகு ஓட்டுகிறவர். பெரிய கப்பல்களைத் தள்ளி ஜெட்டியில் அணைக்கிற வேலை. கப்பலின் மேலே நின்று வழிகாட்டும் பைலட் வயர்லெஸ்ஸில் சொல்வதை அப்பா அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும். பிழையாகக் கேட்டுத் தள்ளினால் கப்பல் போய் இடிக்கும். இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அம்மா கடைக்கு அனுப்பினால், "தேங்காய் ரெண்டு, வெங்காயம் அரைக் கிலோ," என்று உரத்துச் சொல்லிவிட்டு, அவள் "ஓம்" சொல்லும்வரை வாசலில் நிற்பார். "இஞ்சேருங்கோ, இது வீடு, கப்பல் இல்ல," என்பாள் அம்மா. அந்த வீட்டில் எனக்கு ஆகப் பிடித்த சத்தம் அதுதான். சொன்னது சொன்னபடி போய்ச் சேர்ந்தது என்று தெரிந்தால் எனக்கு மனம் ஆறும்.

அடுத்த கிளினிக்குக்கு இரண்டு நாள் இருந்தது. ஞாயிறு பின்னேரம் அப்பா முற்றத்தில் மோட்டார் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன்.

"அப்பா, நான் சில விஷயம் சொல்லப்போறன். நீங்கள் ஒரு பதிலும் சொல்லவேண்டாம். பைலட்டுக்குச் சொல்லுறமாதிரித் திருப்பிச் சொன்னாக் காணும்."

"இதென்ன புதுக் கூத்து," என்றார். ஆனாலும் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதில் இருந்தார். "சரி, சொல்லு பாப்பம்."

"ரெண்டு பேர் ஒரே நேரத்தில கதைச்சா எனக்கு ஒண்டும் விளங்காது."

"ரெண்டு பேர் ஒரே நேரத்தில கதைச்சா உனக்கு ஒண்டும் விளங்காது." வேலைக் குரலில் சொன்னார்.

"ஓம். கப்பல் ஊதேக்க நான் காதைப் பொத்துறது நடிப்பு இல்ல. எனக்கு நோகும்."

அதையும் சொன்னார். "நோகும்" என்ற இடத்தில் குரல் கொஞ்சம் இறங்கியது. அவருடைய படகும் ஊதுகிற படகுதான்.

கடைசி வரியை வாசிக்க ஏலாமல் இருந்தது.

"ஆக்கள் வரேக்க நான் குசினிக்குள்ள போறது திமிரில இல்ல. பயத்தில."

அப்பா சங்கிலியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். பதில் வேண்டாம் என்று நானேதான் சொல்லியிருந்தேன். திருப்பிச் சொல்லாமல் விட்டால் என்ன செய்வது என்று யோசித்திருக்கவில்லை.

"ஆக்கள் வரேக்க நீ குசினிக்குள்ள போறது..." என்று தொடங்கியவர் சங்கிலியை விட்டுவிட்டு நிமிர்ந்தார். திரும்பவும் முதலிலிருந்து சொன்னார். "ஆக்கள் வரேக்க நீ குசினிக்குள்ள போறது திமிரில இல்ல. பயத்தில."

பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் பார்க்கிறார் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. நான் இன்னும் "ஓம்" சொல்லவில்லை.

"ஓம், அப்பா," என்றேன். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவர் எண்ணெய்க் கையாலேயே தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கிளினிக் எப்ப?" என்று கேட்டார்.

"செவ்வாய். காலமை ஒன்பது மணிக்கு."

"செவ்வாய். காலமை ஒன்பது மணி," என்று அப்பா திருப்பிச் சொன்னார்.