பம்பை நிற்கும் நேரம்

எங்கள் ஊர்த் தேருக்குக் கட்டை போடுகிறவன் நான். இப்போது இல்லை. முட்டி மடங்குவதில்லை. முன்பு.

தேர் என்றால் பெரிய கோவில் தேர் இல்லை. சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர், ஒரு அம்மன், ஆடி மாதத்தில் ஒரு நாள் தேர். இரும்புப் பட்டை போட்ட மரச் சக்கரம். பிரேக் கிடையாது, ஸ்டியரிங் கிடையாது. சனங்கள் வடம் பிடித்து இழுப்பார்கள். இழுக்கிறவர்களுக்கு இழுக்கத்தான் தெரியும். நிறுத்துவதும் திருப்புவதும் சக்கரத்தின் அடியில் வைக்கிற கட்டைதான். புளிய மரத்தில் செதுக்கியது. ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் ஒல்லி. உருண்டு வருகிற சக்கரத்துக்கு முன்னால் குனிந்து அதை வைக்க வேண்டும். வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

நான்கு பேர் வைப்போம். நான்கு பேரில் ஒருத்தன் தலைவன். அவன் துண்டைத் தூக்கிச் சுற்றினால் பம்பை மேளம் அடிக்கும், சனம் இழுக்கும். துண்டை இறக்கினால் பம்பை நிற்கும். வடத்தின் நுனியில் இருக்கிறவனுக்குத் துண்டு தெரியாது. பம்பை நின்றால் அவனும் நிற்பான். எங்கள் ஊர் வழக்கம் அது.

எனக்கு முன்னால் தலைவனாக இருந்தவர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். கோவில் வாசலில் ஊர் கூடியது. தர்மகர்த்தா கேட்டார்.

"யாருப்பா நம்மள்ல பயம் இல்லாத ஆளு?"

என் மனைவியின் அண்ணன் எழுந்து என்னைக் கை காட்டினார்.

"எங்க மாப்ள கீறாருங்க. பாம்பையே கையில புடிப்பாரு."

நான் பாம்பைக் கையில் பிடித்ததே இல்லை. கரும்பு வெட்டும்போது ஒன்றைக் கத்தியால் ஒதுக்கிவிட்டேன். அது ஊருக்குள் வருவதற்குள் அப்படி வளர்ந்துவிட்டது. நான் மறுத்துச் சொல்லவில்லை. கூலிக்குக் கரும்பு வெட்டுகிறவனை ஊர் நின்று பார்ப்பது தேர் அன்றைக்கு மட்டும்தான்.

கையில் காப்பு கட்டினவனுக்குப் பயம் வரக்கூடாது என்பார்கள். வந்தால் அவனுக்கு அம்மன் மேல் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். நாங்களும் அப்படித்தான் பேசுவோம். பேசிவிட்டு, தேர் கிளம்பும் முன் கோவிலுக்குப் பின்னால் போய் ஆளுக்கு ஒரு கிளாஸ் மலைச் சாராயம் குடிப்போம். நம்பிக்கையில் குறைந்ததை அதில் ஈடு கட்டுவோம்.

அந்த வருசங்களில் எனக்கு உண்மையிலேயே பயம் இல்லை. கட்டையைக் கையால் வைக்காமல் காலால் தள்ளுவேன். சனம் கத்தும். தேர் நிலைக்கு வந்த பிறகு சாமி முன்னால் விழுந்து கும்பிடும்போதும் உள்ளுக்குள், "பாத்தியா?" என்றுதான் ஓடும். சாமியிடம் அப்படிப் பேசுகிறோமே என்று அப்போது தோன்றவில்லை.

என் மனைவி தேர் பார்க்க வரமாட்டாள். அவளுக்குக் கூட்டம் ஆகாது என்று நினைத்துக்கொண்டேன். தேர் அன்றைக்கு வீட்டில் உலையும் வைக்கமாட்டாள். ஏன் என்று ஒரு தரம் கேட்டேன்.

"அதான் கோயில்ல சோறு போடுறாங்களே," என்றாள். அதோடு விட்டுவிட்டேன்.

ஒரு வருசம், குனிந்து கட்டையை வைக்கும்போது தோளில் இருந்த துண்டின் நுனி சக்கரத்துக்குள் போய்விட்டது. சக்கரம் மெதுவாகத்தான் வந்தது. துண்டை இழுத்தது. துண்டோடு என் கழுத்தையும் இழுத்தது. எப்படியோ தலையை உருவிக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. சக்கரத்துக்கு அந்தப் பக்கம் துண்டு வந்தது. இரும்புப் பட்டை ஏறின இடத்தில் நேர்கோடாகக் கிழிந்து, அப்பளம் மாதிரி நசுங்கி இருந்தது. அதை எடுத்துச் சுற்றிக் காட்டினேன். பம்பை அடித்தது. தேர் போனது.

அன்றிலிருந்து பயம். கரும்பு லாரி பின்னால் வந்தால் ரோட்டை விட்டு வயலில் இறங்கி நிற்பேன். மாட்டு வண்டிச் சக்கரத்தைக்கூடப் பார்க்கமாட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அம்மன் என்னைக் கைவிட்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

அடுத்த ஆடி வந்தது. காப்பு கட்டுகிற அன்றைக்கு ஊரில் இல்லாதவன் அந்த வருசம் கட்டையைத் தொடக்கூடாது. அதனால் காப்புக்கு முன்பே கல்வராயன் மலைக்குப் போய்விட்டேன். வெள்ளிமலையைத் தாண்டி ஒருவர் மரவள்ளிக் காட்டில் களை வெட்டக் கூப்பிட்டிருந்தார். கூலி ஜாஸ்தி என்று வீட்டில் சொன்னேன். கீழே தருகிற கூலியை விட அது கம்மிதான்.

காப்புக்கு முதல் நாள் மச்சான் மேலே ஏறி வந்துவிட்டார்.

"இன்னா மாப்ள, சாமியாரா பூட்டியா?"

"களை வெட்றேன்."

"ஏன், நம்மூர்ல களை முளைக்கிறது இல்லியா?"

நான் வெட்டிக்கொண்டே இருந்தேன்.

"நாளைக்குக் காப்பு."

"தெரியும்."

"தெரிஞ்சுக்கினுதான் இங்க குந்திக்கினு கீறியா? ஊரே கேக்குது. தேர வுட்டுட்டு உங்க மாப்ள எங்கய்யா போனாருன்னு."

"வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு மச்சான்."

"ஏன்?"

"பயமா கீது."

அவர் சிரித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். வரப்பில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். பாதி பீடி போன பிறகுதான் பேசினார்.

"அன்னிக்கு உன்ன எதுக்குக் கை காட்னேன் தெரியுமா?"

"பாம்பு."

"பாம்பாவது பல்லியாவது. யாரும் எழுந்திருக்கலைன்னா என்னத்தான் சொல்லுவாங்க. ரொம்ப நாளா கட்டை போட்டுக்கினு இருந்தவன் நானு. எனக்கு மொத வருசத்துலருந்தே பயம். அதான் முந்திக்கினு உன்னத் தள்ளிவுட்டேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. சிரிப்பு வந்தது.

"அப்பறம் நீ நின்னுர வேண்டியதுதான? ஏன் வருசா வருசம் வந்து போட்ட?"

"தங்கச்சி புருசன முன்னால வுட்டுட்டு நான் வூட்ல குந்திக்கினு இருக்க முடியுமா?"

பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தார். நான் மண்வெட்டியைக் காட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு அவரோடு கிளம்பினேன்.

மலை பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இடம் கிடைத்தது. இறக்கம் முழுவதும் அவர் காலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வளைவு வரும் முன்பே கால் பிரேக்குக்குப் போனது. ஆள் இல்லாத வளைவிலும் ஹாரன் அடித்தார். பஸ்ஸில் ஒருத்தரும் அவரைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லவில்லை. பாதிப் பேர் தூங்கிக்கொண்டு வந்தார்கள். மச்சான் என் தோளில் சாய்ந்து குறட்டை விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி தண்ணீர் கொடுத்தாள். பெட்டியைத் திறந்து மடித்த துண்டு ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தாள். அந்தத் துண்டு. நான் அதை மாட்டுக் கொட்டகைக் கூரையில் செருகி வைத்திருந்தேன். அவள் எடுத்துத் துவைத்து, கிழிந்த இடத்தைத் தைத்து வைத்திருக்கிறாள்.

"எப்ப எடுத்த?"

"தேர் முடிஞ்ச மறுநாளே."

"கேக்கவே இல்லியே."

"நீ சொல்லவே இல்லியே."

அடுப்பைப் பார்த்துக்கொண்டு அவள் பேசினாள்.

"தேர் அன்னிக்கு நான் பின்பக்கம் அம்மிகிட்ட குந்திக்கினு இருப்பேன் மாமா. பம்பை அடிக்கும். திடீர்னு நிக்கும். யாருக்கு இன்னா ஆச்சோன்னு இருக்கும். மறுபடியும் அடிக்கிற வரைக்கும் எனக்கு மூச்சு இருக்காது. இதுல எங்க போயி உலை வைக்கிறது?"

எனக்குத் தெரியாது. இத்தனை வருசம் ஒரே வீட்டில் இருந்தும் இது தெரியாது.

"எனக்குப் பயம் வந்துடுச்சு," என்றேன். "அம்மனுக்கு அது ஆகாது."

"பயம் ஆகாது, சாராயம் மட்டும் ஆகுமா?"

துண்டைப் பிரித்துத் தையலைத் தடவிப் பார்த்தேன்.

"பயந்துக்கினே போ மாமா. இத்தினி வருசமா நீ பயப்படாம போன. உனக்கும் சேத்து நான்தான் பயந்தேன். இந்த வருசம் உன் பங்க நீ எடுத்துக்க."

மறுநாள் காப்பு கட்டிக்கொண்டேன். விழுந்து கும்பிட்டேன். "பாத்தியா" என்று வரவில்லை. "நாலு பேர் கையையும் முழுசா திருப்பிக் குடு தாயே" என்று வந்தது. அதற்கு முன்னால் நான் சாமியிடம் எதையும் கேட்டதில்லை. அதுவரை நான் கும்பிட்டதெல்லாம் என்னையேதான்.

தேருக்கு முதல் நாள் மலையில் மழை. எங்கள் பக்கமும் நன்றாகத் தூறிவிட்டது. தேர் அன்றைக்கும் தெரு நசநசவென்று இருந்தது. கோவிலுக்குப் பின்னால் கிளாஸ் வந்தது. நான் வாங்கவில்லை.

"இன்னிக்கு வேணாம். எனக்குப் பயமா கீது. குடிச்சா பூடும். அது பூட்டா எங்க நிறுத்தணும்னு எனக்குத் தெரியாது."

இரண்டு பேர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். மச்சான் தன் கிளாஸை வேப்ப மரத்தின் அடியில் ஊற்றினார்.

"எனக்கும்தான்," என்றார்.

நான்காவது ஆள் எங்களில் சின்னவன். போன மாசிதான் அவனுக்குக் கல்யாணம் ஆனது. அவன் சொன்னான்:

"எனக்குச் சக்கரம் கிறீச்சுனு சத்தம் போட்டாலே ஒண்ணுக்கு வருதுண்ணா."

சிரித்துவிட்டோம். இத்தனை வருசத்தில் நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து அப்படிச் சிரித்ததில்லை. மற்ற ஆளும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டான்.

துண்டைத் தோளில் போடாமல் கையில் சுற்றிக்கொண்டேன். தைத்த துண்டு. தேர் தெரு முழுக்க நன்றாகப் போனது. ஏரிக்கரை முக்கில் ஒரு சரிவு இருக்கிறது. அங்கேதான் தேர் திரும்பி இறங்கும். மண்ணில் கால் வைத்துப் பார்த்தேன். வழுக்கியது. துண்டை இறக்கினேன். பம்பை நின்றது.

"வடத்துல பாதிப் பேரு பின்னால வாங்க. பின்னால ஒரு வடம் கட்டி இழுத்துப் புடிக்கணும்."

பையன்கள் கூச்சல் போட்டார்கள். தேரைப் பின்னால் இழுப்பது எந்த ஊரில் என்று ஒருத்தன் கேட்டான். தர்மகர்த்தா வேர்க்க வேர்க்க வந்தார்.

"இன்னாய்யா பண்ற? நல்ல நேரம் போய்க்கினு கீது. இத்தினி வருசம் எறங்கலியா?"

"எறங்குச்சுங்க. இன்னிக்கு ஈரமா கீது. எனக்குப் பயமா கீதுங்க."

சத்தமாகவே சொன்னேன். ஊர் முன்னால் அதைச் சொல்வது சக்கரத்துக்கு முன்னால் குனிவதை விடக் கஷ்டம்.

"பாம்பு புடிக்கிறவரு பயந்துட்டாரு டோய்!" என்று ஒருத்தன் கத்தினான். ஊரே சிரித்தது.

சிரிக்கட்டும் என்று நின்றேன். துண்டை மட்டும் தூக்கவில்லை. பம்பைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தூக்காமல் அவர் அடிக்கமாட்டார். அவர் அடிக்காமல் யாரும் இழுக்கமாட்டார்கள்.

முதலில் வடத்தை விட்டு வந்தது சின்னவன் பெண்டாட்டிதான். புதுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் தேருக்குப் பின்னால் போய் நின்றாள். அப்புறம் இன்னும் சில பொம்பளைகள். அப்புறம் ஆம்பளைகள். சிரித்த பையனும் போனான். பின்வடம் கட்டினார்கள்.

ஒரு முழம் இறக்குவோம், கட்டை வைப்போம், நிறுத்துவோம். மறுபடியும் துண்டு, மறுபடியும் பம்பை. பாதிச் சரிவில் இடது சக்கரம் கட்டையோடு சேர்ந்து வழுக்கியது. மச்சான் பக்கத்துச் சக்கரம். அவர் கை அப்போதுதான் வெளியே வந்திருந்தது. பின்வடம் விண்ணென்று இறுகியது. தேர் நின்றது. வடம் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். மச்சான் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அடுத்த கட்டையை எடுத்தார்.

தேர் நிலைக்கு வந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். "இது தேரா, நத்தையா?" என்றார் தர்மகர்த்தா. குங்குமத்தை மட்டும் வழக்கத்தை விட அழுத்தமாக வைத்தார்.

வீட்டை நெருங்கும்போது சோறு வடிக்கிற வாசனை வந்தது. பக்கத்து வீடு என்று நினைத்தேன். எங்கள் வீடுதான்.

அவள் என் இரண்டு கைகளையும் பிடித்து விளக்குக்கு நேராகக் காட்டி, உள்ளும் புறமும் பார்த்தாள். பிறகு தட்டு போட்டாள்.

"இந்த வருசம் பம்பை ரொம்ப வாட்டி நின்னுச்சே."

"ம்."

"ஒவ்வொரு வாட்டியும் பயந்தியா?"

"ம்."

"நான் பயப்படல மாமா. நிக்கறப்போல்லாம் நீதான் நிறுத்துறன்னு தெரிஞ்சுது. சரின்னு உலைய வச்சிட்டேன்."

சோற்றில் கை வைத்தேன். கை இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. பருக்கை சிந்தியது. அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். குழம்பு ஊற்றிப் பிசைந்து, உருண்டை உருட்டி, என் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைத்தாள். தின்றேன்.