படையல் இலையில் இருந்த வெல்வெட் புழு

பேய், ஆவி என்று யாராவது கதைத்தால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். பிள்ளையாரைத் தவிர வேறொன்றையும் நம்பியதில்லை. இதை நீங்கள் நம்பவேண்டுமென்றும் கேட்கமாட்டேன், நடந்ததைச் சொல்கிறேன்.

என் மகள் தர்ஷினி கம்பஸில் விலங்கியல் படித்தாள். மலைக்காட்டுக்குப் போனவள் ஒரு ஐஸ்கிறீம் டப்பாவோடு கொழும்பு கொட்டாஞ்சேனையில், நாலாம் மாடியிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தாள். உள்ளே ஈரச் சருகு, அதற்குள் விரல் நீளத்தில் ஒரு புழு, பட்டுத்துணி மாதிரி உடம்பு, இரண்டு பக்கமும் குட்டிக் குட்டிக் கால்கள்.

"சீ, அட்டையைக் கொண்டுவந்து சாமியறைக்குப் பக்கத்திலயே வைக்கிறாய்?"

"அட்டை இல்லையம்மா, வெல்வெட் புழு. இது இலங்கையில இருக்கெண்டே ஒருத்தருக்கும் தெரியாது. தொட்டுப் பாருங்கோ, உங்களை மாதிரிக் கடிக்காது."

நான் தொடவில்லை. திங்கட்கிழமை கம்பஸில் படிப்பிக்கிற சேருக்குக் காட்டுவதாக இருந்தாள். அதற்குள் டெங்கு வந்து, ஐந்தே நாளில் பிள்ளை போய்விட்டாள்.

உடலைக் கொண்டுபோனதும் வீடு கழுவுவது எங்கள் வழக்கம். "நீங்க இருங்கோ அக்கா, நாங்க கழுவுறம்" என்றார்கள் பக்கத்து வீட்டார். கேட்காமல் என் கையாலேயே மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன், அந்த டப்பாவையும் கீழே கொண்டுபோய்க் கழிவுநீர்க் கானுக்குள் கொட்டினேன்.

இரண்டு கிழமை கழித்துச் சேர் வந்தார். "புழு எங்கையம்மா? அவள் எனக்கு அனுப்பின படம் மட்டும் போதாது. அது இருந்தாத்தான் கண்டுபிடிச்சது அவளெண்டு ஏற்பாங்கள்." கொட்டியதைச் சொன்னேன். தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போனார். பெற்ற நானே என் பிள்ளையின் பெயரைக் கழுவி ஊற்றிவிட்டேனே.

முப்பத்தோராம் நாள் மத்தியானம் அவளுடைய அறையில் இலை போட்டு, அவளுக்குப் பிடித்ததெல்லாம் படைத்தோம். படைத்தபின் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்கவேண்டும், செத்தவர்கள் வந்து சாப்பிடுவார்களாம். நான் கதவில் சாய்ந்து, "தெரியாமச் செய்திட்டன் பிள்ளை" என்று அழுதேன்.

திறந்தால், சோற்றுக்குப் பக்கத்தில் அந்தப் புழு. நாலாம் மாடி, ஜன்னல் பூட்டியிருக்கிறது, நம்பினால் நம்புங்கள், உயிரோடு இருந்தது. அன்றைக்குத்தான் தொட்டேன். பிறந்த குழந்தையின் உச்சந்தலை மாதிரி இருந்தது.

போன் பண்ணினதும் சேர் ஓடிவந்து அதைப் போத்தலில் வைத்து லேபல் எழுதினார். கொண்டுவந்தவர், தர்ஷினி. கீழே அன்றைய திகதி.

"திகதி பிழை சேர், இண்டைக்கு அவள் செத்து முப்பத்தொரு நாளெல்லோ?"

"கிடைச்ச நாளைத்தானேயம்மா எழுதோணும்."

"அப்ப கொண்டுவந்தது அவளில்லையே?"

பேனையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "பின்ன ஆரம்மா? நீங்களா?"

அந்த லேபல் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது.